கறுப்புத் திரையும் அடைக்காத வாசலும்

அந்த மார்கழி முழுவதும் எனக்கு டிவி பைத்தியம் பிடித்திருந்தது. பார்க்கிற பைத்தியம் அல்ல, வாங்குகிற பைத்தியம். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். கடை கடையாக ஏறி, சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் டிவிகளின் முன்னால் நின்று, கிட்டப் போய்ப் பார்த்து, தள்ளி வந்து பார்த்து, ஒன்றும் வாங்காமல் இறங்குவேன். கடைக்காரர்கள் முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு என் தலையைக் கண்டதுமே செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

எல்லாம் தங்கச்சிக்காகத்தான். அவள் கன்னியர் மடத்தில் சேர்ந்து இத்தாலியில் இருக்கிறாள். தை மாதம் ஒரு சனிக்கிழமை அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. சாகும்வரை இந்த வாழ்க்கைதான் என்று பீடத்தின் முன் சொல்லி, மோதிரம் வாங்கிக்கொள்கிற நாள். எங்களுக்கு அது வீட்டில் நடக்கிற கல்யாணம் மாதிரி. கல்யாணத்துக்குப் பெற்றவள் போகாமல் இருப்பாளா? ஆனால் அம்மாவால் போக முடியாது. சர்க்கரை, முட்டிவலி, எல்லாவற்றுக்கும் மேலே கண். பூசையை நேரலையில் காட்டப் போகிறார்கள் என்று தங்கச்சி போனில் சொன்னதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ முகத்த நான் ஒரு தடவ பாத்துறணும்டா. கண்ணு முழுசா அடையிறதுக்குள்ள."

அம்மாவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது தம்பிதான். தம்பி கடலுக்குப் போகிறவன். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், தங்கச்சிமடம் என்ற ஊரில் தெற்குக் கடலைப் பார்த்த எங்கள் வீட்டில் அம்மாவோடு அவன்தான் இருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எனக்குப் போன் போட்டு, "பார்வ குறைஞ்சுக்கிட்டே வருதாம்ணே. போனது போனதுதானாம். பெருசா இருந்தா தெரியுமாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. 'பெருசா' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாகவே அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஊருக்குப் போவேன். கட்டில் பக்கத்தில் போய் உட்காருவேன். "வந்துட்டியா" என்பாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். என்ன பேசினாலும் சுவரைப் பார்த்துத்தான். தம்பியிடம் இப்படிப் பேசுகிறாளா என்று நான் கவனித்ததில்லை, அவன் எங்கே வீட்டுக்குள் இருந்தான் நான் கவனிக்க? ஞாயிற்றுக்கிழமையும் கரையில் வலையோடுதான் கிடப்பான். கோபம் என்று நானே முடிவு கட்டினேன். அப்பா விட்டுப்போன படகில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். கல்யாணமாகி டவுனுக்கு ஜாகை மாற்றிக்கொண்டு போனவனும் நான். அந்தக் கோபம்தான் வயதான காலத்தில் இப்படித் திரும்பிக்கொள்கிறது என்று நினைத்தேன். எனக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஐந்து நிமிஷம் உட்காருவேன், பிறகு எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். இயல்பாகவே ஒரு இடத்தில் உட்காராத பிறவி நான். அம்மாவுக்கு எதிரில் இன்னும் மோசம்.

ஆகவே அந்த டிவி வெறும் டிவி அல்ல. நல்ல டிவியாக வாங்கி, மகளின் முகத்தை அம்மா தெளிவாகப் பார்த்துவிட்டால், என் பக்கமும் ஒரு தடவை திரும்புவாள் என்று ஒரு நப்பாசை.

எதை வாங்குவது? அங்கேதான் தூக்கம் போனது. கடையில் மூன்று ஜாதி காட்டினார்கள். கியூ.எல்.இ.டி. என்று ஒன்று. பின்னாலிருந்து விளக்கு அடிக்கும், நிறம் பளீரென்று இருக்கும், ஆனால் கறுப்பு என்பது சாம்பல் பூசினாற்போல வெளிறித் தெரியும். மினி எல்.இ.டி. என்று இன்னொன்று. அதிலும் பின்னால் விளக்குதான், பொடிப்பொடியாக. இருட்டில் ஒரு மெழுகுவத்தியைக் காட்டினால் சுடரைச் சுற்றி லேசாகப் புகை கட்டியதுபோல இருக்கும். மூன்றாவது ஓ.எல்.இ.டி. அதில் பின்னால் விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்து கிடப்பதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

அந்த ஓ.எல்.இ.டி.யை மட்டும் தனியாக ஒரு அறையில் வைத்திருந்தார்கள். கறுப்புத் திரைச்சீலை, கறுப்புச் சுவர், ஏசி. விற்பனையாளர் கதவைச் சாத்தினார். திரையில் தேன் சொட்டியது. ஒரு கிளி தலையைச் சாய்த்தது, அதன் கழுத்து இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"சார், இதுக்கு மேல ஒண்ணும் இல்ல சார். கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கவங்களுக்குக்கூட பளிச்சுன்னு தெரியும்."

உடனே வாங்கியிருக்க வேண்டியதுதானே? மாட்டேன். வீட்டுக்கு வந்து செல்போனில் படிப்பேன். நான்கு பேர் ஓ.எல்.இ.டி.யைத் தெய்வம் என்பார்கள், ஐந்தாவது ஆள் அதைத் திட்டுவான். மறுநாள் மினி எல்.இ.டி.தான் என்று முடிவாகும். மதியம் கடைக்குப் போனால் மறுபடியும் கிளி. என் வீட்டுக்காரி ஒருநாள் பொறுமை போய்க் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பாக்கப் போறது யாரு?"

"அம்மா."

"அப்ப அத்தையக் கூட்டிட்டுப் போய்க் கடையில நிறுத்துங்க. எதுல தெரியுதுன்னு அவுக சொல்லட்டும்."

முட்டிவலியோடு பாலம் தாண்டி எப்படி வருவாள், கடையில் படி ஏற வேண்டும், உனக்கு என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கே தெரிந்ததால் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய்த் தம்பியிடமும் அம்மாவிடமும் விளக்கினேன். தம்பி வலையைக் கோர்த்துக்கொண்டே கேட்டான்.

"உப்புக் காத்துக்குத் தாங்குமாண்ணே?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் அதிலேயே மண்டை காய்ந்தது. எந்த டிவியும் தாங்காது, எல்லாம் ஒரே கதிதான் என்று தெரிந்ததும்தான் நிம்மதி.

"ஓ.எல்.இ.டி.யில இன்னொரு கொற இருக்கு" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். "ஒரே படம் ரொம்ப நேரம் நின்னுச்சுன்னா திரையில தழும்பு மாதிரி பதிஞ்சிரும். நீ நாள் பூரா செபமாலைச் சேனல வச்சிருக்க. மூலையில அந்தச் சிலுவை நிக்கிதுல்ல, அது அப்படியே பதிஞ்சிரும்மா."

அம்மா சுவரைப் பார்த்துச் சிரித்தாள். "பதியட்டுமேடா. நல்லதுதான. கரண்டு இல்லாதப்பவும் கும்பிட்டுக்கிறலாம்."

"அண்ணே, நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மீனெல்லாம் கருவாடாயிரும்" என்றான் தம்பி.

கடைசியில் முடிவெடுக்க வைத்தது தங்கச்சி அனுப்பிய ஒரு போட்டோ. அவர்களுடைய சிற்றாலயம். பழைய கல் கட்டடம், சன்னல் சின்னது, உள்ளே அரை இருட்டு. பீடத்தில் மெழுகுவத்திகள். இருட்டுக்குள் வெள்ளை உடுப்பில் அவள் வந்து நிற்பாள். இருட்டை இருட்டாகக் காட்டுகிற டிவியில்தானே வெள்ளை எடுப்பாகத் தெரியும்? ஓ.எல்.இ.டி. வாங்கினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு யோசித்து, இவ்வளவு சரியாக எடுத்த முடிவு வேறு இல்லை என்று அன்று நினைத்தேன்.

மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு, கடையிலிருந்தும் ஆள் வர ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் பெரிய சுவர் மேற்குச் சுவர் ஒன்றுதான், அதில்தான் மாட்ட முடியும். வாசல் தெற்கே, கடலைப் பார்த்து. அம்மாவின் கட்டில் வடக்குச் சுவர் ஓரம். கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுப் போட்டோம். கடையில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. தம்பி வாயைப் பிளந்தான். வீட்டுக்காரி "நல்லாத்தாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டாள், அவளிடமிருந்து அது வருவது பெரிது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்காமல் அடைத்த வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லாருக்குடா" என்றாள். மனசு கசந்துபோயிற்று. நான் வாங்கியதைக்கூடப் பார்க்க மாட்டாளா? அன்று சாப்பிடாமலே பாலம் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டியதுதான் தப்பு. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை நாள். அதனால் அன்று எல்லா வீட்டிலும் கதவை அடைக்கலாம். மற்ற நாளில் அப்படி இல்லை. வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது கடலைப் பார்த்த கதவை அடைக்க மாட்டார்கள். வெயிலானாலும் சாரலானாலும் திறந்தே கிடக்கும். ஆள் கரையேறிய பிறகுதான் சாத்துவார்கள். யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அப்படித்தான் பார்த்து வளர்ந்தோம். அந்தக் கதவுக்குள்ளேயே பிறந்த நான், டவுன் கடையின் இருட்டறையில் நின்றபோது அதை மறந்தே போனேன்.

சனிக்கிழமை காலை நானும் வீட்டுக்காரியும் போய் இறங்கியபோது கதவு திறந்திருந்தது. தம்பி முந்தின நாள் சாயங்காலம் போனவன், விடிகாலையில் வந்துவிடுவேன், குளித்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வரவில்லை. அவனோடு போன மற்றப் படகுகள் வந்துவிட்டன. போன் எடுக்கவில்லை. கரைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். செருப்புக்குள் மணல் ஏறி ஏறி, கடைசியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தேன். அவன் வருவானா, பூசை தொடங்கிவிடுமா, நெட் நிற்குமா, கரண்டு இருக்குமா. எதை முதலில் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

அங்கே காலைப் பூசை, இங்கே மதியம் தாண்டிய நேரம். டிவியைப் போட்டேன். ஆர்கன் சத்தம் வந்தது. படம் வந்ததா என்று கேட்டால், வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தை மாத வெயில் தெற்கேயிருந்து சாய்ந்து, வாசல் வழியாக முக்கால் வீட்டுக்கு ஏறியிருந்தது. கடல் வேறு தகதகவென்று வெளிச்சத்தை உள்ளே தள்ளியது. கண்ணாடி மாதிரி மினுங்கும் கறுப்புத் திரை. அம்மாவின் கட்டிலிலிருந்து பார்த்தால், இத்தாலிச் சிற்றாலயத்தின் நட்டநடுவில் எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது. வாசலுக்குள் கடல். நிலைப்படியில் கிடந்த என் செருப்புகூடத் தெரிந்தது. நான் தேடித் தேடி வாங்கிய இருட்டு அவ்வளவும் பளபளவென்று கடலாகிக் கிடந்தது.

"கதவ அடைக்கிறேம்மா."

"அடைக்காத."

"கொஞ்ச நேரம்மா. பூசை முடியிற வரைக்கும்."

"ஏலே, புள்ள கடல்ல கெடக்கான். அடைக்காதன்னா அடைக்காத."

"உன் மக முகம் தெரிய வேணாமா? இதுக்குத்தான நான் நாயா அலைஞ்சேன்!"

"ஒருத்திக்காக ஒருத்தன வெளிய விட்டு அடைக்கச் சொல்றியா?"

போர்வையை எடுத்து வாசலில் தொங்கவிடப் போனேன், அதுவும் கூடாது என்றாள், அதுவும் அடைப்புத்தானாம். திரையில் கன்னியர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து முட்டியது. கடைசியில் நானே போய் வாசலில் நின்றேன். நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, போர்வையைத் தோளில் விரித்துக்கொண்டு. கதவு திறந்துதான் இருக்கிறது, ஆள் நிற்கிறேன், அவ்வளவுதான். இதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரையிலிருந்து கடல் போனது. "இப்பத் தெரியுதுங்க" என்றாள் வீட்டுக்காரி.

கையில் எரிகிற மெழுகுவத்தியோடு தங்கச்சி வந்தாள். கறுப்பு கறுப்பாக இருந்தது, அவள் வெள்ளையாக இருந்தாள். நான் சந்தோஷத்தோடு அம்மாவைப் பார்த்தேன். அம்மா டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு, நேருக்கு நேராக, கண்ணெடுக்காமல் என்னையே. நான் பதறிவிட்டேன்.

"எம்மா, என்ன ஏம்மா பாக்குற? அங்கன பாரு, அவ வந்துட்டா! டிவியப் பாரு!"

"பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன். சத்தம் போடாத."

"என்னயில்ல பாக்குற?"

"உன்னப் பாத்தாத்தான்டா அவ தெரியுறா" என்றாள் அம்மா. "நேரா பாத்தா நடுவுல கறுப்பா அடைச்சுக்கிருது. எதப் பாக்குறனோ அது தெரியாது. ஓரத்துல இருக்கதுதான் தெரியும். மருதையில டாக்டரே சொன்னாரு, பாக்க வேண்டியத விட்டுட்டுப் பக்கத்துல பாருங்கம்மான்னு. மெழுகுவத்தி வச்சிருக்கால்ல? முக்காட்டுக்குக் கீழ முடி கொஞ்சம் வெளிய வந்து கெடக்கு பாரு, சின்னதுல கெடந்த மாதிரியே."

வந்துதான் கிடந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"உன்ன இப்ப நேராத்தானடா பாக்குறேன். நீ எப்படித் தெரிவ? நீ அங்கனயே நில்லு. கடலப் பாத்து எனக்குச் சொல்லு, அவள நான் பாத்துக்கிறேன்."

நின்றேன். தலையைத் திருப்பிக் கடலைப் பார்ப்பேன், "இன்னும் இல்லம்மா" என்பேன், மறுபடி உள்ளே திரும்பித் தங்கச்சியைப் பார்ப்பேன். அம்மாவின் பார்வை என் நெஞ்சிலேயே நின்றது. அதில் நான் இல்லை என்று தெரிந்தும் அதை விட்டு விலக எனக்கு மனசில்லை. தங்கச்சி முழந்தாள் போட்டு, புரியாத பாஷையில், நடுங்கிய குரலில் வார்த்தைப்பாட்டைச் சொன்னாள். மோதிரம் போட்டார்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே அழுதாள்.

கடைசிப் பாட்டு முடிவதற்குள் தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைப் பெயின்ட் தெரிந்தது. எங்கள் படகுதான். "வாரான்மா!" என்று கத்திக்கொண்டு போர்வையோடு கரைக்கு ஓடினேன். வலை கடலுக்கடியில் பாரில், பாறையில், மாட்டிக்கொண்டதாம், அறுக்க மனசில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார்களாம், போன் நனைந்துவிட்டதாம். அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அம்மா பாத்துச்சாண்ணே?"

அவன் குளித்துச் சாப்பிட்டு, பதிவைப் போடச் சொல்லி மறுபடியும் முழுதாகப் பார்த்தான். கதவை அடைத்திருந்தோம். படம் கடையில் பார்த்த கிளி மாதிரியே இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கட்டிலுக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் வழக்கம்போல அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாளும் நான் எழுந்து போனது இந்த இடத்தில்தான்.

"ஏலே, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே" என்றாள் அம்மா. "மத்தியானச் சோறு திங்கிறியா, இல்ல எங்கயாச்சும் அலைஞ்சுக்கிட்டுத் திரியிறியா?"

நான் அசையவில்லை. அம்மா சுவரைப் பார்த்தபடி, வெகுநேரம் என்னைப் பார்த்தாள்.